வடக்கே உதித்த சூரியன்

சூரியன் கிழக்கில்தான் உதிக்கும் என்பதில் எனக்கு இருந்த நம்பிக்கை போன வருஷம் மூன்று வாரம் ஆட்டம் கண்டது. அந்த மூன்று வாரமும் சூரியன் வழக்கம்போலக் கிழக்கில்தான் உதித்துக்கொண்டிருந்தது. நான்தான் வெளிச்சம் ஸ்கிரீனில் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு லேப்டாப்பில் சூரியனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு மேப் போடுவது. சர்வே எண், வாய்க்கால், ரோடு, பாலம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோடாக இழுத்துக் கலர் அடித்துக் கொடுக்கும் வேலை. ஜிஐஎஸ் என்று சொன்னால் கல்யாண வீட்டில் ஜிஎஸ்டியா என்று கேட்பார்கள். முதல் ரெண்டு வருஷம் விளக்கம் சொன்னேன். இப்போதெல்லாம் 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறேன்.

என் வேலையை மதிக்கிற ஒரே ஜீவன் மாமனார். வெள்ளியங்கிரி அடிவாரத்தில், ஆலாந்துறை தாண்டி அவருக்குத் தோட்டம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வாழை, ஒரு சாளை, ஒரு கிணறு. சோலார் மோட்டார் போடுவது என்று முடிவானதும் எனக்குத்தான் முதல் போன். "மாப்ள, பொழுதோட எத்தனை மணி வரைக்கும் தண்ணி எடுக்குமுங்க? வாழைக்கு அந்நேரந்தான் நான் தண்ணி கட்டோணும். உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லீட்டீங்கன்னா தேவலை."

பொழுதோட என்றால் கொங்குப் பக்கம் சாயங்காலம். ஆக, கேள்வி ரொம்பச் சின்னது. தோட்டத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தால் ஒரே நாளில் விடை. நான் மூன்று வாரம் டைம் கேட்டேன்.

கிராஸ் என்ற இலவச ஜிஐஎஸ் மென்பொருளுக்குள் ஆர்.சன் என்று ஒரு கருவி இருக்கிறது. யாரோஸ்லாவ் ஹொஃபியர்க்கா என்ற ஸ்லோவாக்கியா ஆராய்ச்சியாளர் செய்தது. அவரும் மார்செல் ஷூரியும் 2002இல் இத்தாலியின் ட்ரெண்டோ நகரத்து மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை கொடுத்தார்கள். நிலத்தின் உயர மேப்பையும் அதிலிருந்து எடுத்த சரிவு, திசை மேப்புகளையும் கொடுத்தால் போதும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் எவ்வளவு வெயில் விழும் என்று கணக்குப் போட்டுத் தரும். மலையின் நிழலைக்கூட விடாது. தங்கமான கருவி. என் கையில் வந்து மாட்டியது அதன் ஜாதகம்.

உயர மேப்பும் இலவசம்தான். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினோரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரில் அளந்துவைத்த கணக்கு. முப்பது மீட்டருக்கு ஒரு கட்டம். முப்பதுக்கு முப்பது, 900 சதுர மீட்டர். நம் கணக்கில் 22 சென்ட். மாமனாரின் சாளை, கிணறு, மாட்டுக் கொட்டகை, எட்டுத் தென்னை எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு எண்ணாக ஒடுங்கிக் கிடந்தன. நான் அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி, பேனல் ஸ்டாண்ட் வரப்போகும் மூலையைத் தேடினேன். கட்டம் பெரிசானது. தென்னை முளைக்கவில்லை.

முதலில் சரிவு எவ்வளவு என்று பார்த்தேன். ஆலாந்துறையிலிருந்து சிங்காநல்லூர் வரை அநேகமாக எல்லா இடமும் 89 டிகிரி. அதாவது கோயம்புத்தூரே ஒரு செங்குத்துப் பாறை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். என்ன விஷயமென்றால், மேப்பின் நீள அகலம் டிகிரியில் இருந்தது, உயரம் மீட்டரில் இருந்தது. ஒரு டிகிரி தரையில் சுமார் 111 கிலோமீட்டர். அதை ஒரு மீட்டர் என்று எண்ணிக்கொண்டு பக்கத்தில் பத்து மீட்டர் மேட்டை நிறுத்தினால் பாறை வராமல் என்ன வரும்? எல்லாவற்றையும் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 43ஆம் மண்டலத்துக்கு மாற்றியதும் ஊர் சமமாகப் படுத்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள். இதே பாடத்தைத்தான் ஆபீசுக்குப் பயிற்சிக்கு வந்த ரெண்டு பிள்ளைகளுக்குப் போன ஆடியில் நான் நடத்தினேன்.

அடுத்தது திசை. சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதற்கும் தனியாக ஒரு மேப் வேண்டும். எனக்குப் பழகிய கியூஜிஐஎஸ் என்ற இன்னொரு மென்பொருளில் அதை எடுத்தேன். அங்கே வடக்கு சைபர், கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. கடிகார முள் சுற்றுகிற மாதிரி. அதை அப்படியே கொண்டுபோய் ஆர்.சன் இலையில் பரிமாறினேன். ஆர்.சன் படித்த பள்ளிக்கூடம் வேறு. அது கிழக்கில் ஆரம்பித்துக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக எண்ணும்: வடக்கு 90, மேற்கு 180, தெற்கு 270, சுற்றி வந்தால் கிழக்கு 360. நான் கிழக்குச் சரிவு என்று கொடுத்ததை அது வடக்குச் சரிவு என்று வாங்கிக்கொண்டது. வடக்கைக் கிழக்கு என்றது. தெற்கும் மேற்கும் அதே மாதிரி நாற்காலி மாறி உட்கார்ந்தன. அதுவும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

காலை ஏழு மணி மேப் வந்தது. மலையின் வடக்கு முகமெல்லாம் தகதக. கிழக்கு முகம் அழுது வடிந்தது. சூரியன் வடக்கே உதித்திருக்கிறது! நியாயமாக எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஒரு விளக்கம். "பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வெளிச்சம் காரணமாக இருக்கலாம்" என்று என் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. கணவாய் அந்த மலைக்குத் தெற்கே இருக்கிறது. காலையில் அந்த வழியாக ஒரு வெளிச்சமும் வராது. இதற்கெல்லாம் மசிகிற விளக்கமா அது?

தப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை. ஆறாவது படிக்கிற என் பையன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஸ்கிரீனை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, மேப்பைத் திருப்பி வெச்சிருக்கீங்க" என்றான். "போடா, ஷூவைப் போடு" என்றேன். அவன் ஷூ போட்டு முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

திசையைச் சரிசெய்த உற்சாகத்தில், மழைக்காலத்துக்கும் ஒரு மேப் போட்டு வைப்போம் என்று ஜூன் 21ஐ எடுத்தேன். எந்த நாள் என்று கேட்டது. 21 என்று அடித்தேன். மாசம் கேட்கவே இல்லையே என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அது கேட்டது வருஷத்தில் எத்தனையாவது நாள் என்று. 21 என்றால் ஜனவரி 21. ஜூன் 21க்கு 172 போட வேண்டும். வந்த மேப்பைப் பார்த்துவிட்டு, "ஜூனுக்கும் ஜனவரிக்கும் நம் ஊரில் பெரிய வித்தியாசமில்லை" என்று எழுதினேன். நோட்டில் இதுவும் இருக்கிறது. அந்த நோட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

172 போட்டதும்தான் நிஜமான சோதனை. உச்சிவேளை மேப்பில் தெற்குச் சரிவைவிட வடக்குச் சரிவு பிரகாசமாக இருந்தது. மறுபடியும் வடக்கு! சூடு கண்ட பூனையாக நான் உடனே திசை மேப்பைக் கலைத்தேன். எண்களைப் புரட்டினேன். 180ஐக் கூட்டினேன், கழித்தேன். ரெண்டு நாள் போராடி ஒருவழியாகத் தெற்குச் சரிவைப் பிரகாசமாக்கினேன். சரியாக இருந்ததைத் தப்பாக்க எனக்கு முழுசாக ரெண்டு நாள் பிடித்தது என்பதை இங்கே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் ஜூனில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. கோயம்புத்தூர் 11 டிகிரி வடக்கு. ஏப்ரல் 19ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 24ஐ ஒட்டி ஒரு நாள், உச்சிவேளையில் சூரியன் நேராக மண்டைக்கு மேலே வரும். நடுவில் உள்ள நாலு மாசமும் உச்சியில் அது வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். ஜூன் 21 அன்று 12 டிகிரிக்கு மேல். நான் படித்த புத்தகங்களில் எல்லாம் 'தெற்குச் சரிவுக்கே வெயில் அதிகம்' என்று போட்டிருக்கும். எழுதியவர்கள் ஐரோப்பாக்காரர்கள், அவர்கள் ஊரில் சூரியன் வருஷம் பூராவும் தெற்கேதான் நிற்கும். அவர்கள் எழுதியது அவர்கள் ஊருக்குச் சரி. நான் ஆலாந்துறையை ஆஸ்திரியாவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் மானம் போகிற விஷயம் வேறு. நிழலில்லா நாள் என்று ஏப்ரலில் பள்ளிக்கூடங்களில் கொண்டாடுகிறார்களே, அதற்கு மொட்டை மாடியில் குச்சி நட்டு, நிழல் காணாமல் போவதைத் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டி, போட்டோ எடுத்து, 'இதன்பின் சூரியன் நமக்கு வடக்கே போகும்' என்று எழுதி எல்லா வாட்ஸாப் குரூப்பிலும் போட்டது சாட்சாத் நான்தான். ஒரு குரூப்பில் மட்டும் 47 கட்டைவிரல் விழுந்தது. விஷயம் மறந்துவிட்டது, கட்டைவிரல் எண்ணிக்கை மறக்கவில்லை.

சரி, மாமனாருக்கு வருவோம். தோட்டத்துக்குத் தை மாசக் கணக்கு வேண்டும். பொங்கல் நாளையே எடுத்தேன். சூரியனுக்கான நாள், நல்ல நாள், வருஷத்தில் 15ஆவது நாள். இந்த எண்ணில் தப்புச் செய்யவே முடியாது. காலை ஆறரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை அரை மணிக்கு ஒரு மேப் என்று 23 மேப். ஜில்லா முழுக்க ஓட்டியதில் முதல் மேப்புக்கே லேப்டாப் ஃபேன் கிரைண்டர் மாதிரி இரைந்தது. எதற்கு இத்தனை இடம் என்று தோட்டத்தைச் சுற்றி ரெண்டு கிலோமீட்டர் விட்டு மிச்சத்தைக் கத்தரித்தேன். சிட்டாகப் பறந்தது. இந்தக் கத்தரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நான் வைத்துக்கொள்ளவில்லை.

23 மேப்புக்கும் நீலத்திலிருந்து சிவப்பு வரை கலர் கொடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற ஜிஃப் படமாக்கிக் குடும்ப குரூப்பில் போட்டேன். மாமனார் பதில் எழுதினார்: "காலைல ஆறரைக்கே இந்தப் போடு போடுதே மாப்ள." நான் எழுதினேன்: "ஆமாங்க மாமா, குளோபல் வார்மிங்." மச்சினன் கைகூப்பும் பொம்மை போட்டான். அது வணக்கமா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆறரை மணி மேப் ஏன் சிவப்பாக இருந்தது? மென்பொருள் ஒவ்வொரு மேப்புக்கும் அந்தந்த மேப்பில் இருக்கிற பெரிய எண்ணுக்குச் சிவப்பு கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் மார்க் எடுத்த பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை என்று வைத்தால் எல்.கே.ஜி. பிள்ளையும் பிளஸ் டூ பிள்ளையும் ஒரே சட்டையில்தானே நிற்கும்? ஆறரை மணிச் சிவப்புக்குச் சதுர மீட்டருக்கு 50 வாட்கூட இல்லை. பன்னிரண்டு மணிச் சிவப்புக்கு 800க்கு மேல். ஓரத்தில் எண்கள் போட்ட கட்டம் ஒன்று இருந்தது. அழகைக் கெடுக்கிறது என்று அதை நான்தான் எடுத்துவிட்டேன்.

அடுத்து, ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு என்று மாமனாருக்கு ஒரே எண்ணாகச் சொல்லிவிடலாம் என்று 23 மேப்பையும் கூட்டினேன். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. வாட்-ஹவர் என்று எழுதினேன். ஆயிரம் வாட்-ஹவர் என்பது ஈபி மீட்டரின் ஒரு யூனிட். ஆக, சதுர மீட்டருக்கு 12 யூனிட்! எனக்கே புல்லரித்தது. அன்றைக்குக் காற்று மண்டலத்துக்கு மேலே, மேகமும் தூசியும் இல்லாத இடத்தில் விழுகிற வெயிலே 9 யூனிட்டுக்குக் குறைவு. வானத்துக்கு மேலே இருப்பதைவிட அதிக வெயிலை ஆலாந்துறையில் கண்டுபிடித்திருந்தேன். சர்வதேச விருதுக்கு எங்கே எழுதிப் போடுவது என்று மட்டும்தான் தெரியவில்லை.

ஆர்.சன் நேரம் சொல்லிக் கேட்டால் தருவது வாட். அந்த நொடியில் வெயிலின் வேகம். நாள் முழுசுக்கும் கேட்டால் தருவது வாட்-ஹவர், சேர்ந்த வெயில். மடையில் தண்ணி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஒன்று, தொட்டியில் எவ்வளவு நின்றது என்பது வேறொன்று. அரை மணிக்கு ஒரு தடவை மடையைப் பார்த்தால் ஒவ்வொன்றையும் அரை மணியால் பெருக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். நான் பெருக்காமல் கூட்டினேன். ஒரு வெயில் ரெண்டு வெயிலானது. மாமனாரிடம் இதை மடை, தொட்டி என்று சொல்லியே விளக்கினேன். "அது தெரியுமுங்களே மாப்ள" என்றார். எனக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சரிபார்க்காமல் கொடுப்பவன் நானில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் ஆராய்ச்சி மையம் ஒன்று இத்தாலியில் இஸ்ப்ராவில் இருக்கிறது. பிவிஜிஐஎஸ் என்று பெயர் வைத்து, எந்த ஊரைச் சொன்னாலும் மணிக்கு மணி வெயில் கணக்கைச் சும்மாவே தருகிறார்கள். இறக்கினேன். உச்சி வெயில் காலை ஏழு மணிக்கு. மதியம் ஒரு மணிக்கு இருட்டு. பதற்றப்படவில்லை, கணவாய், குளோபல் வார்மிங் எல்லாம் ஏற்கெனவே கைவசம் இருந்தன. பிறகு பார்த்தால், அவர்கள் தருவது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

இந்த ஐந்தரையைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்தது பாருங்கள், ஆர்.சன் மேப்புகளுக்கும் சேர்த்துக் கூட்டிவிட்டேன். பன்னிரண்டு மணி உச்சி சாயங்காலம் ஐந்தரைக்கு நகர்ந்தது. பொழுதோட தண்ணி கட்ட நினைக்கிறவருக்கு இதைவிடச் சாதகமான ரிசல்ட் கிடையாது. ஒரு ராத்திரி முழுக்க அந்த ரிசல்ட்டோடு நிம்மதியாகத் தூங்கிவிட்டு, காலையில் உறைத்ததும் கூட்டியதைக் கழித்துவிட்டேன்.

ஆர்.சன் வைத்திருப்பது மூன்றாவது கடிகாரம் என்பது அப்போதும் எனக்குத் தெரியாது. கிரீன்விச்சும் இல்லை, இந்திய நேரமும் இல்லை, சூரிய நேரம். அந்த இடத்தில் சூரியன் எப்போது உச்சிக்கு வருகிறதோ அப்போது மணி பன்னிரண்டு. நம் கைக்கடிகாரத்துக்குப் பன்னிரண்டு அடித்துக் கொடுப்பது மிர்சாபூர் வழியாகப் போகிற 82.5 டிகிரிக் கோடு. கோயம்புத்தூர் 77 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் வீதம் 22 நிமிஷம் நாம் லேட். அதற்கு மேல் பூமியின் ஓட்டத்தில் உள்ள ஏற்ற இறக்கம் வேறு: பிப்ரவரி நடுவில் 14 நிமிஷம் கூட்டும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிஷம் குறைக்கும். அதனால் கோயம்புத்தூரில் நிஜமான உச்சிப் பொழுது பிப்ரவரியில் 12.36, நவம்பரில் 12.06, பொங்கலன்று 12.31. பஞ்சாங்கத்தில் ஊருக்கு ஊர் சூரிய உதயம் மாற்றிப் போடுவதைப் பார்த்து, 'ஒரே இந்தியாவுக்குள்ள எதுக்குங்க இத்தனை உதயம்' என்று ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் புரிகிறது.

மேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தனியாக எண் கொடுக்காவிட்டால் ஆர்.சன்னின் வானத்தில் மேகமே கிடையாது. ஆனி ஆடியில் சாரல் அடிக்கிற அடிவாரத்துக்கு அது பளீரென்று வெயில் போட்டுக் கொடுத்தது. நான் அதற்கு 'மழைக்கால வெயில்' என்று தலைப்பு வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஏ3 பேப்பரில் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொண்டுபோய் மாமனார் கையில் கொடுத்தேன். 'ஐந்தரை மணி' என்று போட்ட கட்டத்தில் தோட்டம் சிவப்பாக இருந்தது. "அஞ்சரை வரைக்கும் தாராளமா ஓடும் மாமா" என்றேன். அவர் அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்கு ரெண்டாவது தடவையும் நெய் விழுந்தது.

மோட்டார் ஓட ஆரம்பித்த முதல் தையிலேயே போன் வந்தது. நாலே முக்காலுக்கு மூச்சு வாங்குகிறது, ஐந்து மணிக்கு நின்றுவிடுகிறது, கடைசி நாலு வரிசை வாழைக்குத் தண்ணி எட்டவில்லை. ஓடினேன். மணி 4.50. கிணற்று மேட்டில் நின்று மேற்கே பார்த்தேன். சூரியன் மலை முதுகில் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மலைக்குப் பின்னால் இறங்கியது. வானமெல்லாம் வெளிச்சம்; தோட்டத்தில் நிழல். தினசரிக் காலண்டரில் சூரிய அஸ்தமனத்துக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

அந்தக் கத்தரி நினைவிருக்கிறதா? தோட்டத்தைச் சுற்றி ரெண்டு கிலோமீட்டர் விட்டு வெட்டினேன் அல்லவா, மலை அதற்கு அந்தப் பக்கம் இருந்தது. ஏழு மலை ஏறிப் போகிற வெள்ளியங்கிரியை, கம்ப்யூட்டர் ஃபேன் இரைகிறது என்று ஒரே வெட்டில் அப்புறப்படுத்தியிருக்கிறேன். மேப்பில் இல்லாத மலைக்கு ஆர்.சன் எங்கிருந்து நிழல் கொண்டுவரும்? நான் கொடுத்த நாட்டில் மேற்கே மைதானம்.

மிச்சத்தையும் அங்கேயே நின்று கணக்குப் பார்த்தேன். மேப்பின் ஐந்தரை சூரிய நேரம். கைக்கடிகாரத்தில் அது ஆறு மணி. அதை ஐந்தரை என்று படித்ததில் மாமனாருக்கு அரை மணி நேரம் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். மலையை வெட்டியதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். இது போதாதென்று, அந்தக் கட்டத்துச் சிவப்பின் மதிப்பு சதுர மீட்டருக்கு முப்பது வாட் சொச்சம். மலையே இல்லாவிட்டாலும் அதை வைத்து மோட்டார் இருமக்கூட இருமாது. மூன்று தப்பில் ஒன்றாவது இன்னொன்றை முழுசாக அடித்துச் சரிசெய்யும் என்று பார்த்தால், மூன்றுக்கும் நடுவில் ஒற்றுமையே இல்லை.

"மாமா, மலை மறைக்குதுங்க" என்றேன், கண்டுபிடித்தவன் குரலில்.

"ஆமாங் மாப்ள. தை மாசம் அஞ்சு மணிக்கெல்லாம் மறைச்சுப்போடும். எங்கப்பன் காலத்துலருந்தே அப்படித்தான்."

"அப்ப நான் அஞ்சரைன்னப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

"மலை இருக்கறது உங்களுக்கும் தெரியுமில்லீங்களா? அதையுஞ் சேத்துத்தான் கம்ப்யூட்டர்ல போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

இப்போது மாமனார் மதியம் ரெண்டு மணிக்கே வாழைக்கு மடை திறந்துவிடுகிறார். லேமினேஷன் அட்டை இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கழற்றிவிடுங்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். "இருக்கட்டுமுங்க, கலர் நல்லாருக்குது" என்கிறார்.

போன வாரம் சகலை கூப்பிட்டார். ஆனைமலை அடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிறார்; அவருக்கும் சோலார், அவருக்கும் மேப் வேண்டுமாம். அங்கே மலை தெற்கே இருக்கிறது. டிசம்பரில் சூரியனும் தெற்கேதான் இருக்கும். ரெண்டு வாரம் டைம் கேட்டிருக்கிறேன். கயிற்றுக் கட்டில் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறேன்.